டைம் கீப்பரின் கடிகாரம்

சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை நீலம் கலந்தால்தான் வெள்ளை எடுப்பாக இருக்கும் என்று என் மகன் அருணிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பன்னிரண்டு வருடமாகக் கத்தாரில் இருக்கிறவனுக்கு இதெல்லாம் மறந்திருக்கும். நாளை கல்லறைத் திருநாள். அவன் அப்பாவின் கல்லறைக்கு இதுதான் முதல் வெள்ளை. காலையிலேயே வாளியும் வெள்ளையடிக்கிற மட்டையுமாகக் கிளம்பிவிட்டான். அதை முடித்துவிட்டு நேரே சேவுகப்பெருமாளின் பழஞ்சாமான் கடைக்குப் போய்விட்டுத்தான் வருவானாம். அப்பாவின் கைக்கடிகாரத்தை நான் அங்கேதான் விற்றேன் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அது யார் கைக்குப் போயிருந்தாலும் தேடிப் பிடித்து வாங்கிவந்து என்னிடம் கொடுக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அதை விற்றுவிட்டு அம்மா ஒரு வருடமாக வருந்துகிறாளே என்று.

சாமி, அவன் வருவதற்குள் இதை எழுதிப் பக்கத்து வீட்டு ஆன் மேரியிடம் கொடுத்து உங்களுக்கு அனுப்பிவிட வேண்டும். வாயால் சொல்லத்தான் பதினோரு மாதமாகப் பார்த்தேன். ஒவ்வொரு முதல் வெள்ளிக்கிழமையும் கோயிலில் உங்களிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டு, "என் வீட்டுக்காரருடைய கடிகாரத்தை விற்றுவிட்டேன்" என்பேன். "விற்றது பாவமில்லை டீச்சரம்மா, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்" என்று நீங்கள் சொல்வீர்கள். மூன்று அருள் நிறைந்த மரியே மந்திரம் சொல்லச் சொல்வீர்கள். அடுத்த மாதமும் நான் அதையே சொல்வேன், நீங்களும் அதையே சொல்வீர்கள். உங்கள் பொறுமை பெரிது. முப்பத்து மூன்று வருடம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் நான். பாதிப் பாடத்தை மட்டும் ஒப்புவித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிற பிள்ளையை எனக்கு நன்றாகத் தெரியும்.

என்னை உங்களுக்குத் தெரியும். அவரைத் தெரியாது. நீங்கள் இந்தப் பங்குக்குச் சாமியாராக வரும்போதே அவர் படுக்கையில் கிடந்தார்.

சூசைமாணிக்கம் என்று சொன்னால் காரைக்குடியில் பாதிப் பேருக்குத் தெரியாது. டைம் கீப்பர் என்றால் தெரியும். தனியார் பஸ் முதலாளிகள் சங்கம் சம்பளம் கொடுத்துப் பழைய பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி வைத்த ஆள். எந்த வண்டி எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு நகர வேண்டும் என்பது அவர் பொறுப்பு. அவர் விசில் அடித்தால்தான் டிரைவர் கியர் போடலாம். ஒரு நிமிடம் முந்தவிட்டால் பின்னால் நிற்கிற வண்டிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஒரு நிமிடம் பிந்திவிட்டால் இந்த வண்டிக்காரர்களே வருவார்கள். நாற்பது வருடம் இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டு வெயிலில் நின்றார். வீட்டில் வாயே திறக்க மாட்டார். அத்தனை பேச்சையும் வெளியிலேயே கேட்டுத் தீர்த்துவிட்டு வருகிறார் என்று நான் கேலி செய்வதுண்டு.

அந்தக் கடிகாரம் நேமத்தான்பட்டி அழகுசுந்தரம் செட்டியார் கொடுத்தது. செட்டியாருக்கும் ஒரு வண்டி ஓடியது. அருண் பிறந்த வருடம் அது. அவர் வண்டி ஒரு நிமிடம் முந்திக் கிளம்பப் பார்த்திருக்கிறது. இவர் நேரே வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். உள்ளே முதலாளியே உட்கார்ந்திருக்கிறார். அவர் இறங்கி வந்து, "ஏம்ப்பா, என் வண்டியவே மறிக்கிறியாக்கும்?" என்று கேட்டாராம். "இன்னும் ஆகல, மொதலாளி" என்று மட்டும் இவர் சொன்னாராம். அந்த ஒரு நிமிடத்தையும் செட்டியார் அங்கேயே நின்று கழித்தார். அடுத்த வாரம் வீட்டுக்கு வரச் சொல்லித் தன் கையில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார். "எங்க அப்பச்சி ரங்கூன்ல வாங்குனது. ஏங்கையில கெடந்தா மணி காட்டும், அம்புட்டுத்தான். ஓங்கையில கெடந்தா ஊரே கேக்கும்" என்றாராம். இவர் அதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. கல்யாணத்தன்று கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

சுவிஸ் கடிகாரம், சாவி கொடுக்கிற வகை. முகம் பழுப்பேறி நீர்த்த டீ நிறத்துக்கு வந்திருந்தது. ஆறாம் எண் இருக்க வேண்டிய இடத்தில் விநாடிக்குத் தனியாக ஒரு சிறு வட்டம். காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்ததும் பல்கூட விளக்காமல் அதற்குச் சாவி கொடுப்பார். சாவி கொடுப்பதை அவர் ஊட்டுவது என்றுதான் சொல்வார். "அதுக்கு மொதல்ல ஊட்டிருவோம், நமக்கு அப்பறம் பாத்துக்கலாம். வெறும் வயித்துல அத ஓட்டக் கூடாது யூஜினி" என்பார். அதன் சத்தம் நின்றால் தூக்கத்திலும் விழித்துக்கொள்வார்.

அவருக்கு ஞாபகம் தவறத் தொடங்கி நாலு வருடம் ஆனது. முதலில் பெயர்கள் போயின. பிறகு தெரு போயிற்று. இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய் வண்டிகளை மறித்து நின்றார். ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு நடையும் போய்ப் படுக்கைக்கு வந்தார். எல்லாம் போயும் டைம் மட்டும் போகவில்லை. ஆறு முப்பத்தைந்து தேவகோட்டை, எட்டு பத்து திருப்பத்தூர், பன்னிரண்டே முக்கால் அறந்தாங்கி என்று படுத்தபடியே சொல்லிக்கொண்டிருப்பார். சாப்பாட்டையும் அதிலேயே கோத்து வைத்திருந்தார். தேவகோட்டை வண்டிக்கு இட்டிலி, அறந்தாங்கிக்குச் சோறு, கடைசி புதுவயல் வண்டிக்குக் கஞ்சியும் மாத்திரையும். கடிகாரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். முள் வந்ததும் சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறப்பார். ஒரு நிமிடம் முன்னால் ஊட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னும் ஆகல" என்பார்.

குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். ஒத்தாசைக்கு வந்த இரண்டு பெண்களும் மாதம் தாண்டவில்லை. அருண் தினமும் வீடியோவில் வந்து, "அம்மா, நீங்க நல்லா தூங்குறீகளா?" என்று கேட்பான். தூங்குகிறேன் என்பேன். எனக்கு எழுபத்து மூன்று வயது, சாமி. எனக்கு அவர்மேல் கோபமோ வெறுப்போ இருந்ததில்லை. அலுப்பு மட்டும்தான் இருந்தது. அலுப்பு என்று ஒரு பாவம் மந்திரப் புத்தகத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அதனால் அதை யாரிடமும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதலில் செய்ததைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு வர ஆசையாக இருந்தது. அவர் கண் அயர்ந்திருந்தபோது கடிகாரத்தின் முள்ளை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தேன். ஐந்து மணிக்கே அவருக்குத் தேவகோட்டை வண்டி வந்துவிட்டது. இட்டிலியைச் சாப்பிட்டுவிட்டு அமைதியாகப் படுத்துக்கொண்டார். நான் பூசைக்கு வந்தேன். அன்று வெகு நாளைக்குப் பிறகு பாட்டெல்லாம் பாடினேன். திரும்பிவந்து முள்ளைப் பழையபடி வைத்துவிட்டேன். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

நான்கைந்து மாதத்தில் அது பழகிப்போயிற்று. மூன்று மணிக்கே எட்டரை ஆக்கி, கஞ்சியும் மாத்திரையும் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவேன். ஜன்னல் வழியாக வெயில் அடிக்கும். அவர் வெயிலைப் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார். "இன்னக்கி வெயிலு தப்பா அடிக்குது யூஜினி" என்பார். அப்புறம் கண்ணை மூடிக்கொள்வார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சூரியனே வந்து சொன்னாலும் அந்தக் கடிகாரத்தைத் தாண்டி அவர் நம்ப மாட்டார்.

ஆனால் மூன்று மணிக்குத் தூங்க வைத்த உடம்பு நடுச்சாமத்தில் விழித்துக்கொள்ளும் என்பதை நான் யோசிக்கவில்லை. அவருக்கு விடிந்துவிடும், எனக்கு விடியாது. முள்ளைத் திருப்பித் திருப்பி நானே குழம்பிப்போனேன். முன்பு இரண்டு மூன்று மணி நேரமாவது தூங்கியவள் அதுவும் இல்லாமல் ஆனேன். சோற்றுப் பானையை அடுப்பில் வைத்துவிட்டுத் தீயை மறந்துவிடுவேன். இது முழுக்க நான் செய்த கோளாறு. அப்போது எனக்கு அப்படித் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் அந்தக் கடிகாரம்தான் காரணம் என்று பட்டது.

அந்தச் சமயத்தில் அவர் மணிக்கட்டு வீங்கித் தோல் உரிந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு வாட்சைக் கழற்றிவிடச் சொன்னார். கையிலிருந்துதான் கழற்றச் சொன்னார். வீட்டிலிருந்தே கழற்ற வேண்டும் என்று நான் எடுத்துக்கொண்டேன். கண்ணில் படாவிட்டால் மற்றதை மறந்த மாதிரி இதையும் மறந்துவிடுவார், சின்னப் பிள்ளைகளுக்குப் பால் மறக்கடிப்பதில்லையா என்று நினைத்தேன். நவம்பர் பத்தாம் தேதி ஆன் மேரியைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுச் சேவுகப்பெருமாள் கடைக்குப் போனேன். என்ன விலை என்று நான் கேட்கவில்லை, அவனாகக் கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். வரும் வழியில் கை காலெல்லாம் லேசாக இருந்தது.

அன்றைக்கு இரண்டு கரண்டி கஞ்சி குடித்தார். மறுநாள் வாயை மூடிக்கொண்டார்.

"டைம் ஆயிருச்சுங்க, சாப்புடுங்க" என்றேன். "காட்டு" என்றார். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன். "அது பாசஞ்சருக்கு" என்றார், பஸ் ஸ்டாண்டில் பயணிகளுக்காக மாட்டிய கடிகாரம் மாதிரி. என் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஓடல" என்று திருப்பிக் கொடுத்தார். பாட்டரிக் கடிகாரம், அதற்குச் சத்தம் ஏது. ஆன் மேரியின் பேரனுடையதும் அப்படியே திரும்பி வந்தது. தண்ணீர் மட்டும் குடித்தார். தண்ணீர் குடிக்க டைம் பார்க்க வேண்டாம் என்பது பஸ் ஸ்டாண்டு வழக்கம்.

நாலாம் நாள் டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். ஊசியைப் பிடுங்கிவிட்டார். மதுரைக்குக் கொண்டுபோய் மூக்கில் குழாய் போடலாம், ஆனால் அதையும் பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்ட வேண்டிவரும் என்றார் டாக்டர். அருணைக் கேட்டேன். "அப்பா கையக் கட்ட வேணாம்மா" என்று அழுதான். பிறகு, "அந்த வாட்சத் திருப்பி வாங்க முடியாதாம்மா?" என்று கேட்டான். பார்க்கிறேன் என்றேன். விற்றதற்காக எனக்கு அன்று வந்த வருத்தம் உண்மையான வருத்தம். இரண்டு நாள் நானும் சாப்பிடவில்லை. அதில் ஒரு பொய்யும் கிடையாது.

இதுவரைக்கும்தான் ஊருக்குத் தெரியும். உங்களுக்கும் இதுவரைக்கும்தான் சொல்லியிருக்கிறேன்.

பதினைந்தாம் தேதி காலையில் நான் மறுபடியும் கடைக்குப் போனேன். சேவுகப்பெருமாள் பீங்கான் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவன்.

"வாங்க டீச்சர். நீங்க வருவீகன்னு தெரியும். அதான் கண்ணாடிப் பொட்டியில வைக்காம ஏங்கையிலயே கட்டிக்கிட்டுத் திரியுறேன்" என்றான்.

"எப்படிடா தெரியும்?"

"விக்க வாரவுக மொகத்துல தெரியும் டீச்சர். செல பேரு சாமான விப்பாக. செல பேரு தலவேதனைய விப்பாக. தலவேதனைய வித்தவுக எல்லாரும் அஞ்சாறு நாள்ல திரும்பி வந்துருவாக."

கொடுத்ததை வாங்கிக்கொண்டு கழற்றிக் கொடுத்துவிட்டான். அன்று அவன் மகள் சிவரஞ்சனிக்குப் பிறந்த நாள் என்று இரண்டு லட்டையும் தாளில் சுற்றிக் கொடுத்தான். அதனால் தேதி அவனுக்கு மறந்திருக்காது. அருண் இப்போது கேட்டாலும் யோசிக்காமல் சொல்லிவிடுவான்.

வீட்டுக்கு வந்தேன். ஆன் மேரி உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு எழுந்து போனாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். சாப்பாடு இல்லாததால் துணி மாற்றுகிற வேலை அனேகமாக நின்றுபோயிருந்தது. சத்தம் போடவும் அவருக்குத் தெம்பில்லை. வீடு அமைதியாக இருந்தது. அவருக்கு ஞாபகம் தவறத் தொடங்கிய பிறகு அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. காப்பி போட்டு, நாற்காலியை முற்றத்தில் இழுத்துப் போட்டு, லட்டைப் பிட்டுத் தின்றுகொண்டே குடித்தேன். காப்பி கடைசி வாய்வரைக்கும் சூடாக இருந்தது. நாலு வருடத்தில் நான் சூடாகக் குடித்து முடித்த முதல் காப்பி அதுதான். எனக்கு அழுகை வந்தது.

கடிகாரத்தை பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். அவர் விழிக்கும்வரைக்கும் பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் வைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மேல் விழித்தார். "யூஜினி, ஆயிருச்சா?" என்று கேட்டார். நான் பீரோவுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். சாவி அதிலேயே தொங்கியது.

"இன்னும் ஆகலங்க" என்றேன்.

"சரி" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, சாமி. ஆகிவிட்டது என்று சொன்னபோதெல்லாம் காட்டு, காட்டு என்றவர், ஆகவில்லை என்றதும் ஒரு சாட்சியும் கேட்கவில்லை. நாற்பது வருடம் அடுத்தவர்களுக்கு அவர் சொன்ன வார்த்தை அது. அதற்கு அடங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சாயங்காலம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் மறுநாள் காலை ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவை கொடுப்பதாகத்தான் இருந்தேன். அவர் சாப்பிட மறுத்துச் செத்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். அவர் மறுக்கவே இல்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை மரியாதையாகக் கேட்டார். டைம் ஆகட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

அருண் போன் செய்தான். வாட்ச் கிடைத்ததா என்றான். வேறு யார் கைக்கோ மாறிப்போய்விட்டதாம் என்றேன். நீங்க மனசப் போட்டு வருத்திக்காதீக அம்மா என்றான்.

கடிகாரம் திரும்பி வந்த ஆறாம் நாள் என்று நினைக்கிறேன். அவர் குரல் மிகவும் இறங்கிவிட்டது. பக்கத்தில் கூப்பிட்டு, "உள்ள ஓடுது யூஜினி" என்றார். எது என்றேன். கையைத் தூக்க முடியாமல் கண்ணால் பீரோவைக் காட்டினார். "உள்ள வண்டி ஓடுது. ஆரோ மறிச்சு நிக்கிறாக." எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. சேலைகளுக்கு அடியில், கதவும் சாத்தியிருக்கிறது. அவர் காதுக்குக் கேட்டிருக்கிறது.

நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இத்தனை மாதமாகச் சொல்ல வரவில்லை. பீரோவைத் திறந்து கடிகாரத்தை எடுத்தேன். அவர் பார்த்துவிடாமல் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். சமையலறைக்குக் கொண்டுபோய் ஒரு துண்டில் நாலு மடிப்பாகச் சுற்றி, அரிசி டிரம்முக்குள் கையை விட்டு முழங்கை ஆழத்தில் புதைத்தேன். திரும்பி வந்து, "இப்ப கேக்குதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு, "போயிருச்சு" என்றார். கையில் ஒட்டியிருந்த தவிட்டைத் துடைத்துக்கொண்டேன். அன்று மாலை அதே அரிசியைக் களைந்து எனக்கு உலை வைத்தேன்.

இருபத்து மூன்றாம் தேதி நீங்கள் அவஸ்தைப்பூசுதலுக்கு வந்தீர்கள். அது உங்களுக்கு நினைவிருக்கும். நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசினீர்கள். நற்கருணையை எடுத்தபோது அவர் கண்ணைத் திறந்து, "ஆயிருச்சா?" என்று கேட்டார். உங்களுக்கு ஒன்றும் தெரியாது. எதைக் கேட்கிறார் என்று என்னைப் பார்த்தீர்கள். நான் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். நீங்கள் அவரிடம் குனிந்து, "ஆயிருச்சு ஐயா" என்றீர்கள். அவர் முகம் தெளிந்துவிட்டது. வாயைத் திறந்தார். நற்கருணை அப்பத்தில் கிள்ளிய அந்தச் சிறு துண்டை வாங்கி, மெதுவாக மென்று விழுங்கினார். பதிமூன்று நாளுக்குப் பிறகு அவர் வாய்க்குள் போனது அது ஒன்றுதான். உங்களுக்குச் சந்தோஷம். ஆன் மேரி அழுதாள். வாசல்வரைக்கும் வந்து உங்களை வழியனுப்பினேன்.

உள்ளே வந்தபோது அவர் விழித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தே வைத்திருந்தார். அடுத்த வாய் வரும் என்று எதிர்பார்க்கிற வாய்.

"ஆயிருச்சுன்னு சாமி சொன்னாகளே" என்றார்.

அடுப்பில் கஞ்சி இருந்தது, சாமி. ஆறிக்கூடப் போகவில்லை. ஒரு கரண்டி கொடுத்திருந்தால் குடித்திருப்பார். நான் அவர் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

"அது சாமி வண்டிக்குங்க. நம்ம வண்டிக்கு இன்னும் ஆகல" என்றேன்.

"அப்படியா. சரி" என்றார். வாயை மூடிக்கொண்டார். மறுநாள் காலை ஆறு முப்பத்தைந்துக்கு முன்னால் போய்விட்டார். நான் ஐந்து நாற்பதுக்கு ஒரு தடவை எழுந்துவிட்டு மறுபடி படுத்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். ஆன் மேரி கதவைத் தட்டித்தான் எழுந்தேன்.

கடிகாரம் இருந்திருந்தால் அவர் கையில் கட்டி அடக்கம் பண்ணியிருக்கலாம் என்று ஓடோடி வந்த அருண் சொன்னான். அதான் வித்துட்டேனேப்பா என்று நான் அழுதேன். எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். அந்தத் தேறுதலை வைத்துக்கொண்டுதான் ஒரு வருடத்தை ஓட்டியிருக்கிறேன். விற்றதற்கு வருந்துகிறேன் என்று நான் சொன்னது இப்போதும் உண்மை. விற்காமல் இருந்திருந்தால் அந்தக் காப்பியை நான் குடித்திருக்க மாட்டேன். இப்படி ஓர் அமைதி இருக்கிறது என்றே எனக்குத் தெரியாமல் போயிருக்கும். அவரும் இன்னும் கொஞ்ச நாள் தேவகோட்டை வண்டிக்கு இட்டிலி தின்றுகொண்டு இருந்திருப்பார்.

இப்போது மணி பதினொன்று பத்து. அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அருண் வெள்ளையடித்து முடித்திருப்பான், அனேகமாகக் கடைக்கும் போயிருப்பான். சேவுகப்பெருமாளுக்கு ஒளிக்கத் தெரியாது. டீச்சர் அஞ்சாம் நாளே வந்து வாங்கிட்டாகளே என்று லட்டு கொடுத்ததுவரைக்கும் சொல்லிவிடுவான். என் மகன் வந்து அந்த வாசலில் நின்று கேட்கப் போகிறான். கடிகாரத்தை மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறேன்.

அதை எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறேன் என்று கையில் எடுத்துப் பார்த்தால் அவனுக்கே தெரியும். கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது. வார் நைந்திருந்தது, புதிதாக மாற்றியிருக்கிறேன். பீரோவில் இருந்தபோதும் சரி, அரிசிக்குள் இருந்தபோதும் சரி, காலை ஐந்து நாற்பதுக்குத் தவறாமல் எடுத்துச் சாவி கொடுத்துவிட்டுத்தான் மறுபடி வைப்பேன். வெறும் வயிற்றில் அதை ஓட்டக் கூடாது என்று அவர் சொல்வாரே. இன்று காலையும் கொடுத்தேன். ஒரு நாள்கூட நான் அதைப் பட்டினி போட்டதில்லை, சாமி.